நம் வீட்டுக் கறிவேப்பிலையும் நகராமல் நின்ற செல்களும்

தம்பி,

நாங்கள் இருக்கும் பிடோக்கிலிருந்து நீ இருக்கும் பொங்கோலுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை அதற்காகத்தான் வந்தேன். உன் வீட்டில் உட்கார்ந்து கோப்பி குடித்தேன், எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் லிஃப்ட் பழுதானதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன், கிளம்பிவிட்டேன். நீ கீழே வரை வந்து, "என்னப்பா, ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல, நீ மேல போ" என்றேன். எழுதினால் பாதியில் நிறுத்த மாட்டேன் என்று எனக்கே என்மேல் ஒரு நம்பிக்கை. அதனால்தான் இந்தக் கடிதம். நீ படித்த பிறகு இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். ஏன் என்று படிக்கும்போது உனக்கே தெரியும்.

வரும் வியாழக்கிழமை அம்மாவுக்கு ஐந்தாவது கீமோ டிரிப். அவள் போக மாட்டேன் என்கிறாள். குடலில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சையில் எடுத்தாகிவிட்டது, கல்லீரலுக்குப் பரவியதும் சுருங்குகிறது, சுருங்கியது இலையால்தான், இனி அந்த மருந்து எதற்கு என்கிறாள். நீயும் அதையே சொல்கிறாய். உங்கள் இருவருக்கும் அந்த நம்பிக்கை கடையிலிருந்தோ இணையத்திலிருந்தோ வரவில்லை. என்னிடமிருந்து வந்தது. ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு முன்பு நான் சொன்ன ஒரு கதையின் முதல் பாதியிலிருந்து வந்தது. இரண்டாவது பாதியை நான் யாருக்கும் சொல்லவே இல்லை.

முதல் பாதி உனக்கு நன்றாக நினைவிருக்கும். நீ தேசிய சேவையில் இருந்தாய். ஒரு சனிக்கிழமை முகாமிலிருந்து நேராகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தாய், சீருடையும் பூட்ஸுமாக. நான் ஆய்வுக்கூடத்தில் செல்கள் வளரும் தட்டுகளுக்குத் திரவம் மாற்றிக்கொண்டிருந்தேன். பூட்ஸைக் கழற்றச் சொல்லி, மேலங்கி மாட்டி, உன்னை நுண்ணோக்கியின் முன்னால் உட்கார வைத்தேன். தட்டின் அடியில் குடல் புற்றுநோய்ச் செல்கள் ஒரு பாய் விரித்ததுபோல் நெருக்கமாக வளர்ந்திருந்தன. முந்தின நாள் நான் அதன் நடுவே பிப்பெட் என்ற உறிஞ்சுகுழலின் முனையால் நேராக ஒரு கோடு கீறியிருந்தேன். கீறிய இடம் காலியாகிவிடும். பிறகு அந்தக் காலியிடத்தை அவை எவ்வளவு வேகமாக மூடுகின்றன என்று பார்ப்போம். புற்று எப்படி இடம்விட்டு இடம் நகர்கிறது என்பதை ஒரு சின்னத் தட்டில் பார்க்கும் வழி அது.

நீ ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தாய். பிறகு கேட்டாய்: "ஏம்ப்பா, இது உயிரோட இருக்கா?"

"இருக்கு."

"யாரோடது?"

"தெரியாது. ஒரு நோயாளிகிட்ட எடுத்தது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு."

"ஆள் செத்துட்டாரு. இது சாகலையா?"

முப்பத்து நான்கு வருஷம் அந்தச் செல்களுக்குச் சாப்பாடு போட்டேன், ஓய்வு பெற்ற நாளிலும் அவை பிரமிப்பாகத்தான் இருந்தன. கீறலின் விளிம்பில் இருக்கும் செல் முதலில் கொஞ்சம் தயங்கும். பிறகு உடம்பின் ஒரு ஓரத்தை மெல்லிய திரைபோல முன்னால் நீட்டும், தரையைப் பிடிக்கும், மீதி உடம்பை இழுத்துக்கொள்ளும். கண் கிடையாது, மூளை கிடையாது. எதிரே இடம் காலியாக இருப்பது அதற்கு எப்படித் தெரிகிறது? எங்கள் ஆய்வுக்கூடத்தின் பேராசிரியர் ஒருமுறை சொன்னார், நீ விழுந்து முழங்காலில் சிராய்த்துக்கொண்டால் ஆறுவதும் இதே வித்தையால்தான் என்று. விளிம்பில் இருக்கும் தோல் செல்கள் இப்படித்தான் நடந்து வந்து காயத்தை மூடுகின்றன, மூடியதும் நின்றுவிடுகின்றன. புற்றுச் செல்லுக்கு நடக்கத் தெரியும், நிற்கத் தெரியாது. அன்று வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் என் முழங்கையில் இருந்த பழைய தழும்பைத் தடவிக்கொண்டே வந்தேன்.

நீ வந்த சனிக்கிழமை உனக்கு இன்னொரு தட்டையும் காட்டினேன். அதில் கறிவேப்பிலைச் சாறு போட்டிருந்தது. கீறல் அப்படியே இருந்தது. இரண்டு கரையிலும் செல்கள் நின்றுகொண்டிருந்தன, ஒன்றுகூட இறங்கவில்லை. அந்த இலை நம் வீட்டுக் காரிடாரில் அம்மா வளர்த்த தொட்டிச் செடியின் இலை. பேராசிரியர் பல தாவரங்களைச் சோதித்துக்கொண்டிருந்தார், மருந்து அடிக்காத இலை வேண்டும் என்றார், நான் ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு போயிருந்தேன். நீ நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "ப்பா, நம்ம வீட்டு இலையா?" என்றாய். நான் தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் நீ என்னை அப்படிப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அம்மாவுக்கு நீதான் சொன்னாய். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "முப்பது வருஷமா உங்கப்பா அங்க என்ன பண்றாருன்னு இன்னைக்குத்தான் புரியுது. செடி என்னோடது, லா. தண்ணி ஊத்தினது நானு. பேரு மட்டும் அவருக்கா?" என்றாள். அடுத்த வாரமே புளோக் முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு மலாய் அக்கா ஒரு கொத்து வாங்கிப்போனார். கோயிலில், கல்யாண வீட்டில், தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போது, எங்கே போனாலும் அம்மா அந்தக் கதையைச் சொன்னாள். கன்று பிரித்துப் பிரித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தாள். நம் குழுவில் இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை யாராவது அதைப் போடுகிறார்கள், "சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் நிரூபிக்கப்பட்டது" என்று தலைப்பு வைத்து. நானும் பார்க்கிறேன். ஒன்றும் எழுதுவதில்லை.

இனி இரண்டாவது பாதி.

இலைச்சாறு தண்ணீரில் கரையாது. ஆல்கஹாலில் ஊறவைத்துத்தான் எடுப்போம். செல்களுக்குப் போடும்போது அந்த ஆல்கஹாலும் கூடவே போகும். அதனால் சாறு போடாத தட்டுக்கும் அதே அளவு வெறும் ஆல்கஹாலைப் போட வேண்டும். அப்போதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இலையினால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியும். இது அந்த வேலையின் அரிச்சுவடி. புதிதாக வரும் மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்தது. நீ வந்து போன மூன்றாவது வாரம் என் குறிப்பேட்டை வரிவரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சாறு போடாத தட்டுக்கு நேரே, என் கையெழுத்தில், "திரவம் மட்டும்" என்று எழுதியிருந்தது. ஆல்கஹால் போடவே இல்லை. அன்று காலை இலை கொண்டுவந்த உற்சாகத்தில் இருந்தேன் போலிருக்கிறது. வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் மறுபடி செய்தேன். ஒரு தட்டில் சாறு. ஒரு தட்டில் ஆல்கஹால் மட்டும். மறுநாள் போய்ப் பார்த்தால், ஆல்கஹால் தட்டிலும் செல்கள் கரையிலேயே நின்றுகொண்டிருந்தன. நான் ஆல்கஹால் அளவையும் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். செல்களை நிறுத்தியது நம் வீட்டு இலை இல்லை, அல்லது இலை மட்டும் இல்லை.

பேராசிரியரிடம் சொல்ல எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. தினமும் அவர் அறைக் கதவு வரை போவேன், உள்ளே யாராவது இருப்பார்கள், அல்லது அவர் தனியாக இருப்பார், இரண்டுமே திரும்பி வரப் போதுமான காரணமாக இருந்தது. கடைசியில் குறிப்பேட்டைத் திறந்து அவர் மேசைமேல் வைத்துவிட்டு நின்றேன். அவர் படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வோம்" என்றார். மூன்று மாதம் செய்தோம். சரியான அளவில், சரியான ஒப்பீட்டோடு பார்த்தபோது சாறு செல்களைக் கொஞ்சம் மெதுவாக்கியது. அது பொய்யில்லை. ஆனால் நிறுத்தவில்லை. அந்தக் கொஞ்சத்துக்கும், செல்லின் மேல் நேராகக் கெட்டிச் சாற்றை ஊற்ற வேண்டியிருந்தது. வாயால் சாப்பிட்டு, வயிற்றில் செரித்து, ரத்தத்தில் கலந்து, அவ்வளவு கெட்டியாக ஒரு புற்றுக் கட்டியை அது போய்ச் சேருமா என்று கேட்டேன். "தட்டுக்கு வயிறு கிடையாது, கல்லீரல் கிடையாது. அதை நாம் மறக்கக் கூடாது" என்றார் பேராசிரியர். அதோடு அந்த வேலையை எடுத்து வைத்துவிட்டோம்.

அவரிடம் சொல்லப் பதினொரு நாள். உங்களிடம் சொல்ல இத்தனை வருஷம். அம்மாவின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நன்றாக யோசித்துப் பார்க்கிறேன், அது முழு உண்மை இல்லை. அந்தச் சனிக்கிழமை நீ என்னைப் பார்த்த பார்வையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பிறகு போன வருஷம் அம்மாவுக்குக் குடலில் புற்று வந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, இந்த வருஷம் கல்லீரலில் புள்ளிகள் தெரிந்தன. டாக்டர் நம் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னது உனக்கும் நினைவிருக்கும். டிரிப் போட்டுப் புள்ளிகள் போதிய அளவு சுருங்கினால் அதையும் வெட்டி எடுத்துவிடலாம், அதுதான் நம்முடைய நல்ல வாய்ப்பு என்றார். இரண்டாவது டிரிப்புக்குப் பிறகு அம்மா படுக்கையை விட்டு எழவே இல்லை. வயிற்றுப்போக்கு, வாந்தி, கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. அப்போதுதான் நீ ஜூரோங்கில் வேலை முடிந்து நேராக வந்து, கறிவேப்பிலைச் சாறு அடைத்த அந்த மாத்திரை டப்பாக்களை மேசைமேல் வைத்தாய். "நம்ம இலைதான்ம்மா. அப்பா பார்த்ததுதானே" என்றாய். என்னைப் பார்த்து, "இல்லையாப்பா?" என்றாய். நான் டப்பாவை எடுத்து, பின்னால் இருந்த சின்ன எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினேன். படிப்பதற்கு அங்கே அவ்வளவு ஒன்றும் இல்லை. ஆனாலும் படித்துக்கொண்டே இருந்தேன்.

நான்காவது டிரிப்புக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் புள்ளிகள் சுருங்கியிருந்தன. நீங்கள் இருவரும் இலை என்றீர்கள். மாத்திரையை இரட்டிப்பாக்கினீர்கள், காலையில் பச்சைச் சாறு வேறு. அடுத்த ரத்தச் சோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தன, ஐந்தாவது டிரிப்பைத் தள்ளி வைத்தார்கள். டாக்டர் அம்மாவிடம் கேட்டார், வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா, நாட்டு மருந்து, சத்து மாத்திரை ஏதாவது? அம்மா இல்லை என்றாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் மடியில் இருந்த அவளுடைய மருத்துவக் கோப்பைப் பார்த்தேன். அந்தக் கோப்பின் கடைசிப் பக்கத்தில், அம்மா எந்தத் தேதியில் எத்தனை மாத்திரை எடுத்தாள் என்று நான் அன்றாடம் எழுதிவைத்த பட்டியல் இருந்தது. எழுதத் தெரிந்தவனுக்கு அதை நீட்டத் தெரியவில்லை. அளவுகள் ஏறியது மாத்திரையால்தானா என்று என்னால் சொல்ல முடியாது. டாக்டராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவருக்கு மாத்திரையைப் பற்றியே தெரியாது.

அன்று வீடு திரும்பாமல் நூலகத்துக்குப் போனேன். அம்மாவின் டிரிப் பையில் இருந்த மருந்தின் பெயரைக் குறித்து வைத்திருந்தேன், இரினோடீகன். அது எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். தம்பி, அது ஒரு மரத்திலிருந்து வருகிறது. சீனாவில் வளரும் ஒரு மரம். அந்த மரப்பட்டையில் இருந்த ஒரு பொருள் புற்றுச் செல்களைத் தடுக்கிறது என்று கண்டுபிடித்து, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தால் உடம்பு தாங்கவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டுப் போய்விடாமல், அந்தப் பொருளின் ஒரு மூலையை மாற்றி, கரைய வைத்து, அளவு பார்த்து, இன்னும் எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். நம் கல்லீரல்தான் அதை உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுகிறது, பிறகு வெளியேற்றவும் செய்கிறது. அந்தக் கல்லீரலிடம்தான் நாம் ரகசியமாக இன்னொரு வேலையையும் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மரத்தால் ஓட முடியாது. பூச்சி வந்தால் கையை வீசித் துரத்த முடியாது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, தன்னைத் தின்ன வருவதைத் தடுக்க ஏதேதோ தயாரித்து வைத்துக்கொள்கிறது. அப்படித் தயாரித்த ஒன்று, அந்த மரம் ஒருநாளும் பார்க்காத ஒரு தீவில், பிடோக்கில் குடியிருக்கும் உன் அம்மாவின் கல்லீரலில் இருக்கும் செல்லுக்குள் போய், அது இரண்டாகப் பிரியும் நேரத்தில் தடுக்கிறது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். பக்கத்தில் ஒரு பெண் பாடம் படித்துக்கொண்டிருந்தாள், அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நீ இலையா மருந்தா என்று பிரித்து வைத்துப் பேசுகிறாய். அதில் உன் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா நான்கு முறை கையை நீட்டி வாங்கிக்கொண்டதும் ஒரு செடிகொடியின் பொருள்தான், எத்தனையோ பேர் சரிபார்த்துக் கொடுத்தது. நம் மாத்திரையைச் சரிபார்த்தவன் நான் ஒருவன், அதையும் தப்பாகப் பார்த்தவன்.

நேற்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை. பிறகு கேட்டாள்: "அப்ப அது நம்ம இலையைப் பார்த்து நிக்கல. போதையில நின்னுச்சு. அப்படித்தானே?"

"ஆமா. பெரும்பாலும்."

"பெரும்பாலுமாம்." கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள். "ஊரெல்லாம் கன்னு குடுத்து விட்டேனே. பக்கத்துலயே நின்னு கேட்டுட்டு இருந்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

நான் மரத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் கை நின்றது. "அந்த மஞ்சத் தண்ணி மாதிரி ஏத்துறாங்களே, அதுவா? அது மரமா?"

"மரத்துலேர்ந்து வந்தது."

"அத முதல்ல சொல்லியிருந்தா நான் அதைத் திட்டியிருக்க மாட்டேன்" என்றாள். அடுத்த தண்டை எடுத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமலே, "ஆனா நீங்க சொல்லி நான் போக மாட்டேங்க. நீங்க எதுக்குமே பயப்படுறவரு. இப்பவும் பயந்துதான் சொல்றீங்களோ என்னவோ, எனக்கு எப்படித் தெரியும்? தம்பி சொல்லட்டும். அவன் 'போ'ன்னா போறேன். வேணாம்னா வேணாம்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாள். நான் அவளோடு வாதாடவில்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும், அதை நான் வாங்கிக்கொள்கிறேன். நீ அம்மாவுக்குக் கெடுதல் செய்துவிட்டதாக மட்டும் நினைக்காதே. உன் அப்பா காட்டியதை நம்பினாய், அம்மா சோர்ந்து கிடந்தபோது கையில் எதையாவது கொண்டுவந்து கொடுத்தாய். நான் டப்பாவின் பின்புறத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். இந்த மருந்து அம்மாவைக் காப்பாற்றிவிடும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. டாக்டரே கொடுக்கவில்லை. ஸ்கேனில் சுருங்கியது எதனால் என்றுகூட நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஒரே நேரத்தில் இரண்டையும் கொடுத்துவிட்டு எது வேலை செய்தது என்று கேட்பது நான் அந்தத் தட்டில் செய்த அதே தப்பு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: டிரிப்பைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், நம் மாத்திரையை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, இப்போது நிறுத்தினால் அந்தச் செல்கள் காத்திருக்காது. காலியான இடத்தைப் பார்த்தால் அவை என்ன செய்யும் என்பதை நீயும் நானும் ஒரே நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறோம்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு ரத்தம் எடுப்பார்கள். அளவுகள் இறங்கியிருந்தால் பத்து மணிக்கு மேல் டிரிப். டாக்டரைப் பார்க்கும்போது என் பட்டியலை, எல்லாத் தேதிகளோடும், நானே அவர் கையில் கொடுப்பேன். நீ வந்தாலும் கொடுப்பேன், வராவிட்டாலும் கொடுப்பேன். அது என் வேலை, அதை நான் செய்துவிடுவேன். ஆனால் அம்மாவை வீட்டிலிருந்து கிளப்பி அந்த நாற்காலியில் உட்கார வைக்க என்னால் முடியாது.

படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. என்னிடம் கேட்க வேண்டியதை எல்லாம் பிறகு கேள், எத்தனை நாள் வேண்டுமானாலும் கேள். முதலில் அம்மாவுக்குப் போன் செய்.

அப்பா